தரங்கம்பாடி பாரம்பரிய நடை: கோட்டையில் சொல்லாமல் விட்ட நான்கு மாதங்கள்

தரங்கம்பாடியில் காலை நேரப் பாரம்பரிய நடை ஒன்றை இரண்டு இளைஞர்கள் நடத்துகிறார்கள். ஆளுக்கு 400 ரூபாய். நகர வாயிலில் ஏழரை மணிக்குத் தொடங்கி, கிறிஸ்தவக் கோயில்களையும், முன்னூறு வருஷத்துக்கு முன் இங்கே தமிழில் அச்சடித்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் வீட்டையும் பார்த்துவிட்டு, கடற்கரை வழியாக டேனிஷ் கோட்டையில் முடிகிறது. போன மாதம் நானும் என் தம்பி மகளும் போய் வந்தோம். நடத்துபவர்களின் பெயரை இங்கே போடவில்லை. சில குறைகளைச் சொல்லப் போகிறேன். அவர்கள் இப்போதுதான் இந்தத் தொழிலில் காலூன்றுகிறார்கள். சொல்ல வேண்டியதை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். இனி அங்கே போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் அச்சகம் வைத்திருக்கிறேன். பதினாறு வயதில் மாமாவின் அச்சகத்தில் எழுத்துக் கோக்க உட்கார்ந்தவன். ஈய எழுத்து, கோக்கும் ஸ்டிக், காலால் மிதிக்கும் டிரெடில் எல்லாம் பழகி, பிறகு ஆஃப்செட்டுக்கு வந்தேன். மாமா நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். ஆனால் ஆயுத பூஜையன்று எழுத்துப் பெட்டிகளுக்குப் பொட்டு வைக்கும்போது, "நம்ம தொழிலுக்குக் குலதெய்வக் கோயில் தரங்கம்பாடியில இருக்குடா" என்பார். நாற்பது வருஷமாகப் போகாமலே இருந்துவிட்டேன். தம்பி மகள் வரலாறு முதுகலை படிக்கிறாள். அவளுக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது: மிஷனரிகளும் காலனி ஆட்சியும். "வாங்க பெரியப்பா, ரெண்டு பேருக்கும் ஆகும்" என்று அவள்தான் பதிவு செய்தாள்.

முதலில் கையில் கிடைத்தது ஒரு துண்டுப் பிரசுரம். நான்கு பக்கம், ஆர்ட் பேப்பர், வரைபடம் மிக நன்றாக வந்திருந்தது. ஆனால் சீகன்பால்குவின் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தது. அதைக்கூட விட்டுவிடலாம். இரண்டாம் பக்கத்தில் "ஆங்கிலேய அரசு மதம் பரப்ப அனுப்பிய பாதிரியார்" என்று அச்சாகியிருந்தது. தம்பி மகள் அதைக் காட்டி, "1706-ல ஆங்கிலேய அரசு இங்க எங்க பெரியப்பா இருந்தது?" என்றாள்.

அவள் கேட்டது சரி. 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடிக்கு வந்துசேர்ந்த பார்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்றி புளுட்சோவும் ஜெர்மானியர்கள். அவர்களை அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். அவர்களுக்குப் பின்பலமாக நின்றவர்கள் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தார். பின்னால் அச்சு எந்திரம் வாங்க உதவியது லண்டனில் இருந்த ஆங்கிலேயக் கிறிஸ்தவ சங்கம். இவர்கள் வந்து இறங்கிய ஊரோ, தஞ்சாவூர் அரசருக்கு ஆண்டுதோறும் குத்தகை கட்டி டேனிஷ் வணிகக் கம்பெனி வைத்திருந்த ஊர். 1620-இல் தஞ்சாவூரை ஆண்ட இரகுநாத நாயக்கரோடு டேனியர்களுக்காக ஓவே கெட்டே செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கிடைத்த இடம் அது. நான்கு நாடு, ஐந்து தரப்பு. இத்தனையையும் "ஆங்கிலேய அரசு" என்ற இரண்டே சொல்லில் அடைத்துவிட்டால் அதற்குப் பிறகு எதுவுமே விளங்காது. வெள்ளைக்காரர் என்றால் எல்லாரும் ஒரே ஆள் என்ற நினைப்பிலிருந்து வரும் பிழை இது.

வழிகாட்டி நல்ல பிள்ளை. பொறியியல் படித்தவர். கணீரென்ற குரல், வயதானவர்களுக்காக நடையைக் குறைத்துக்கொள்ளும் குணம், நிழல் பார்த்து நிறுத்தும் பக்குவம் எல்லாம் இருக்கிறது. நகர வாயில் 1792-இல் கட்டப்பட்டது என்பதில் தொடங்கி வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். கட்டடங்களைப் பற்றி அவர் சொன்னதில் எனக்குக் குறையில்லை.

தெருவில் இரண்டு கோயில்கள் கிட்டக்கிட்ட இருக்கின்றன. சீயோன் கோயில் 1701-இல் டேனியர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. புதிய எருசலேம் கோயில் 1718-இல் பிரதிஷ்டையானது, மிஷனரிகள் தங்கள் சபைக்குக் கட்டியது. அவர்களுடைய முதல் கோயில் 1707-லேயே எழும்பி, பின்பு கடல் சீற்றத்தில் சேதமாகிவிட்டது. புதிய எருசலேம் கோயிலின் முகப்பை நிமிர்ந்து பார்த்தால் கிரீடத்தோடு அரசர் பிரெடரிக்கின் முத்திரை இருக்கும். "ராஜா பேர்ல கட்டுன கோயில்" என்று சொல்லிவிட்டு வழிகாட்டி உள்ளே போய்விட்டார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். கிறிஸ்துவை வணங்கப் போகும் தமிழன், முதலில் டென்மார்க் கிரீடத்துக்குக் கீழே நுழைய வேண்டும். தம்பி மகளுடைய கட்டுரைக்கு அந்த முகப்பு ஒன்றே போதும் என்று தோன்றியது. ஐந்து நிமிஷமாவது நின்று சொல்ல வேண்டிய இடம்.

உள்ளே எங்களுக்குக் கதவு திறந்துவிட்ட முதியவர் அந்தக் காலத்துக் கோயில்பிள்ளை பரம்பரையாம். சீகன்பால்கு அடக்கமான இடத்தைக் காட்டி, "முப்பத்தாறு வயசுங்க, பாவம்" என்றார், நேற்று இறந்த மருமகனைச் சொல்வதுபோல. 1719 பிப்ரவரியில் இறந்தவர். சிலுவை வடிவக் கட்டடம் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் அதற்குள்ளேயே வெள்ளாளர் ஒரு பக்கமும் பறையர் ஒரு பக்கமுமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள் என்பதை நான் அவரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "இருந்ததுங்க. எங்க தாத்தா சொல்வாரு" என்றார். வழிகாட்டி இதைத் தொடவில்லை. தொட்டிருக்க வேண்டும். கப்பலில் வந்தவர்கள் ஊரை மாற்றினார்கள், ஊரும் அவர்களை மாற்றியது. 1733-இல் ஆரோன் என்ற தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்ததும் இதே சபைதான். கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்தவர் அவர்.

அடுத்து சீகன்பால்கு வீட்டு அருங்காட்சியகம். அங்கே இருந்த அச்சு எந்திரங்களின் முன்னால் நான் கைகட்டி நின்றேன். எங்கள் தொழிலின் கதை எல்லாருக்கும் தெரியவேண்டியது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

வழிகாட்டி "இந்தியாவின் முதல் அச்சுக்கூடம்" என்றார். அது தவறு. கோவாவில் 1556-லேயே அச்சு வந்துவிட்டது. தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் என்ற கிறிஸ்தவ நூல் 1578-இல் கொல்லத்தில் அச்சானது, போர்த்துகீசிய இயேசு சபையார் காலத்தில். அந்தக் கதை வேறு மாதிரி. அங்கே போர்த்துகல் அரசரின் ஆதரவில்தான் சபை இயங்கியது, ஆயர்களை நியமிக்கும் உரிமையும் அரசரிடமே இருந்தது. தரங்கம்பாடியின் பெருமை முதலாவதாக வந்ததில் இல்லை. ஒருமுறை தொடங்கி நிற்காமல் ஓட்டியதுதான் அதன் பெருமை.

1711-இல் லண்டனிலிருந்து அச்சு எந்திரம் கப்பலேறியது. வழியில் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள். பணம் கொடுத்து மீட்டுக் கொண்டுவரும் வழியில் அச்சுக்காரர் இறந்துபோனார். எந்திரம் 1712-இல் ஆளில்லாமல் வந்து சேர்ந்தது. மறு வருஷம் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. பார்த்தால் ஒவ்வொன்றும் பெரிது பெரிதாக இருந்தது. பெரிய எழுத்தில் புதிய ஏற்பாட்டைக் கோத்தால் தாள் எங்கே போதும்? அச்சுத் தொழிலில் இருந்தவன் எவனுக்கும் அந்தக் கவலை புரியும். ஆகவே இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். தாள் தட்டுப்பாட்டுக்குப் பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலை போட்டார்கள். சுவிசேஷங்கள் 1714-இலும் முழுப் புதிய ஏற்பாடு 1715-இலும் வெளிவந்தன.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த தம்பி மகள், "அப்ப அச்சும் ஆட்சியும் ஒண்ணா வந்ததுன்னுதானே அர்த்தம்?" என்றாள். கப்பல் கம்பெனியுடையது, அனுமதி அரசருடையது என்பதால் அவள் அப்படிக் கேட்டாள். கோட்டைக்குப் போனதும் பேசலாம் என்றேன். கோட்டையில் வழிகாட்டியே அதைச் சொல்வார் என்று நம்பினேன்.

அவர் சொல்லவில்லை. இந்த நடையின் பெரிய குறை அதுதான்.

கோட்டைக்குள் முக்கால் மணி நேரம் இருந்தோம். பீரங்கி, பீங்கான், தூண்கள், மேல்தளத்திலிருந்து கடல். படம் எடுக்க நல்ல இடங்கள் காட்டினார். 1708 கடைசியில் இதே கோட்டையில் சீகன்பால்குவைச் சிறை வைத்தார்கள், நான்கு மாதம் கழித்து 1709-இல்தான் விட்டார்கள் என்பதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிறை வைத்தவர் டேனிஷ் தளபதி ஹாசியுஸ். டென்மார்க் அரசரின் கடிதத்தோடு வந்தவரை, அதே அரசரின் கொடி பறந்த கோட்டைக்குள் அடைத்தார்கள். தம்பி மகள் பொறுக்காமல் கேட்டேவிட்டாள்: "அண்ணா, சீகன்பால்கு ஐயரை இங்கதானே அடைச்சு வச்சிருந்தாங்க?"

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. "ஆமாங்க. ஆனா குரூப்ல சிலருக்குப் பாதிரியாரைப் புகழ்ந்தா பிடிக்காது, சிலருக்குக் குறை சொன்னா பிடிக்காது. அதனால பீரங்கியோட நிறுத்திக்குவேன்" என்றார்.

அவருடைய சங்கடம் எனக்குப் புரிகிறது. நாலு பேர் நாலு விதமாக வரும் தொழில். ஆனால் பயந்து விட்டுவிடும் அந்த நான்கு மாதத்தில்தான் விஷயமே இருக்கிறது. தளபதி ஏன் அடைத்தார் என்று யோசித்தால் அன்றைய ஆட்சி எப்படிப்பட்டது என்று தெரியும். ஹாசியுஸ் ஆண்டது ஒரு நாட்டை இல்லை. தஞ்சாவூர் அரசருக்குக் குத்தகை கட்டி, உள்ளூர் வணிகர்களின் தயவில் சரக்கு வாங்கி, ஐரோப்பாவிலிருந்து வரும் ஒன்றிரண்டு கப்பலுக்குக் காத்திருக்கும் ஒரு சிறிய வியாபாரத் துறைமுகம் அது. அங்கே ஒருவர் வந்து உள்ளூராரைப் புது மதத்துக்கு அழைக்கிறார், ஏழை விதவை ஒருத்தியின் கடன் வழக்கில் அவள் பக்கம் பேசுகிறார், கம்பெனியின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அழகப்பனிடம் தமிழ் படிக்கிறார், எல்லாவற்றையும் கம்பெனியைத் தாண்டி நேராக அரசருக்கே எழுதவும் அவரால் முடிகிறது. வியாபாரிக்கு இதைவிடத் தலைவலி வேறு வேண்டுமா? ஆட்சிக்கு அவர் கருவியாகத் தெரியவில்லை, இடைஞ்சலாகத் தெரிந்தார்.

அதற்காக ஐயரை ஆட்சிக்கு எதிரி என்று சொல்லிவிடவும் முடியாது. சிறையிலிருந்து வந்தவர் பிறகு ஐரோப்பா போய் அதே அரச குடும்பங்களிடம்தான் ஆதரவு கேட்டார். 1716-இல் திரும்பி வந்தபோது தரங்கம்பாடியில் தளபதி மாறியிருந்தார், புதியவர் இணக்கமானவர். அதற்குப் பிறகுதான் கிரீடம் வைத்த அந்தக் கோயில் எழுந்தது. சிறையையும் கிரீடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிட நடை, பத்து வருஷ இடைவெளி. அவர் தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713-இல் எழுதி அனுப்பிய நூலை ஹாலேயில் அச்சிடவே இல்லை. அது 1867-இல் சென்னையில்தான் அச்சேறியது. அவரைச் சந்தேகித்தது கோட்டை மட்டும் இல்லை, அனுப்பிய வீடும்தான்.

திரும்பும்போது மயிலாடுதுறை வரை பேருந்தில் நானும் தம்பி மகளும் இதையேதான் பேசிக்கொண்டு வந்தோம். அவளுக்குச் சொன்னதில் அச்சுக்காரனாக எனக்கு மிகப் பிடித்த ஒன்றை இங்கேயும் சொல்கிறேன். 1761-இல் ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரர்களின் அச்சு எந்திரம் கொள்ளைப் பொருளாகச் சென்னைக்கு வந்தது. ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. வேப்பேரியில் இருந்த ஃபப்ரிசியுஸ் என்ற மிஷனரியிடம் ஒப்படைத்தார்கள், ஒரு நிபந்தனையோடு: ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலை வந்தால் முதலில் அதைத்தான் அடிக்க வேண்டும். தேர்தல் நேரத்தில் அரசாங்க வேலை வந்ததும், பாதி ஓடிய கல்யாணப் பத்திரிகையை எந்திரத்திலிருந்து இறக்கிவைத்தவன் நான். ஜெபப் புத்தகத்தை இறக்கிவிட்டுக் கம்பெனி உத்தரவை ஏற்றிய அந்த வேப்பேரி அச்சுக்கூடத்தை என்னால் கண்ணால் பார்க்க முடிகிறது. சீகன்பால்கு காலத்து உறவு ஐம்பது வருஷத்தில் எங்கே வந்து நின்றது என்று அந்த ஒரு நிபந்தனை காட்டும்.

இந்த நடைக்காரர்கள் தஞ்சாவூரையும் சேர்த்து முழுநாள் சுற்று ஒன்றும் வைத்திருக்கிறார்கள். பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால். நாங்கள் எடுக்கவில்லை. அதில் சுவார்ட்ஸ் கோயில் (பின்னால் வந்த ஒரு ஜெர்மன் மிஷனரியின் பெயரில் இருக்கும் கிறிஸ்தவக் கோயில்) இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடுத்த வாரம் நானே போனேன். தரங்கம்பாடியைப் பார்த்தவர்கள் அதைப் பார்க்காமல் விட்டால் கதை பாதியில் நிற்கும். உள்ளே ஆங்கிலேயச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பம் இருக்கிறது. படுக்கையில் சுவார்ட்ஸ், பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி சரபோஜி ராஜா.

சுவார்ட்ஸ் 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். 1779-இல் சென்னையின் ஆங்கிலேய அரசு அவரை ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அடுத்த வருஷமே ஹைதரின் படை ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதியில், அதாவது நம் தமிழ் நாட்டுப் பக்கம், இறங்கிவிட்டது. தூதரின் நாணயத்தை இரண்டு பக்கமும் மதித்தன, ஆனால் அந்த நாணயத்தால் போர் நிற்கவில்லை. தஞ்சாவூர் மன்னர் துளஜா ராஜா தன் தத்துப் பிள்ளை சரபோஜியை அவர் பொறுப்பில் விட்டார். அரியணை அமர்சிங்கிடம் போனபோது சரபோஜிக்காகக் கம்பெனியிடம் வாதாடியவர்களில் சுவார்ட்ஸ் முக்கியமானவர். அவர் 1798 பிப்ரவரியில் கண்மூடினார். அதே வருஷம் சரபோஜி ராஜாவானார். 1799-இல் தஞ்சாவூர் நிர்வாகம் மொத்தமும் ஒப்பந்தத்தின் வழியாகக் கம்பெனியின் கைக்குப் போனது. ராஜாவிடம் மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்சமும். அந்தச் சிற்பத்தின் முன் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது, அதே நேரம் நெஞ்சில் ஒரு கனமும் ஏறியது. பிள்ளையை அன்பாக வளர்த்தவர்தான். அதில் சந்தேகமில்லை. வளர்ந்த பிள்ளை கையெழுத்துப் போட்டது எந்தத் தாளில் என்பதையும் மறக்க முடியவில்லை. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் கோயிலிலும் சுவார்ட்ஸுக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு. அதை வைத்தது கம்பெனி.

இவ்வளவு மதித்த கம்பெனி எல்லா மிஷனரிகளையும் சேர்த்துக்கொண்டதா என்றால் அதுவும் இல்லை. வில்லியம் கேரி 1793-இல் வங்காளத்துக்கு வந்தபோது அனுமதி இல்லாமல்தான் இருந்தார், அவுரித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். 1800-இல் சேரம்பூரில் போய் அச்சுக்கூடம் வைத்தார், காரணம் அது டேனியர்களின் ஊர். 1806-இல் வேலூரில் சிப்பாய்கள் எழுந்தபோது, மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயமும் சேர்ந்துதான் எழுந்தார்கள் என்று லண்டனில் பெரிய வாக்குவாதம் நடந்தது. 1813 பட்டயச் சட்டத்துக்குப் பிறகுதான் மிஷனரிகளுக்குக் கதவு முறையாகத் திறந்தது. 1845-இல் டேனியர்கள் தரங்கம்பாடியையும் சேரம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்குக் கம்பெனிக்கு விற்றார்கள். கேரிக்கு அடைக்கலம் தந்த ஊரும் சீகன்பால்குவை அடைத்த ஊரும் ஒரே பத்திரத்தில் கைமாறின.

இத்தனையும் மூன்றரை மணி நேர நடையில் சொல்லிவிட முடியாது. எதிர்பார்க்கவும் இல்லை. கிரீடத்தின் கீழே ஐந்து நிமிஷம், கோட்டையின் கீழ்த்தளத்தில் பத்து நிமிஷம். அவ்வளவு போதும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். கடற்கரையில் மாசிலாமணிநாதர் கோயிலின் எதிரே அந்தப் பிள்ளை சொன்னது அன்றைய காலையிலேயே சிறந்த பகுதி. 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். கல்வெட்டில் ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். கடல் எத்தனை அடி உள்ளே வந்திருக்கிறது, 2004 சுனாமியில் அவர் வீட்டில் என்ன ஆனது என்று சொல்லும்போது அவர் குரல் மாறிவிட்டது. டேனியர் வருவதற்கு முன்னாலேயே இது ஊர், போன பின்னாலும் ஊர் என்பது அங்கேதான் எங்களுக்கு உறைத்தது.

இடையில் கொடுத்த சுக்குக் காபி நன்றாக இருந்தது. கழிப்பறைக்கு நடுவழியில் ஏற்பாடு இல்லை, பெண்கள் தொடங்குமுன்பே பார்த்துக்கொள்வது நல்லது. மாசி கழிந்தால் ஒன்பது மணிக்கே மணல் சுடும், செருப்பைக் கழற்ற வேண்டாம். கும்பகோணத்திலிருந்து வருகிறவர்கள் மயிலாடுதுறையில் மாறிப் பொறையாற்றில் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் போடுகிறேன். கொடுத்த 400 ரூபாய் வீணில்லை.

பிரசுரத்தில் இருந்த பிழைகளைத் திருத்தி அவர்களுக்கு அனுப்பியிருந்தேன். பத்து நாள் கழித்து வழிகாட்டி போன் செய்தார். "ஐயா, அடுத்த தடவை நீங்களே அடிச்சுக் கொடுப்பீங்களா?" என்றார். தாள் விலைக்கு மட்டும் செய்கிறேன் என்றேன். ஆகவே இனி வரும் பிரசுரத்தில் என் கையும் இருக்கும், இதைப் படிப்பவர்கள் அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பக்கத்தில் ஆங்கிலேய அரசு இருந்த இடத்தில் டென்மார்க் அரசர் வந்துவிட்டார். கோட்டைப் படத்துக்குக் கீழே "1708–1709: சீகன்பால்கு இங்கே நான்கு மாதம் சிறையிலிருந்தார்" என்று ஒரு வரி சேர்த்து, புரூப் அனுப்பியிருக்கிறேன். இன்னும் திரும்பி வரவில்லை.